ஐந்தில் இரண்டு

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், யாரையும் எழுதச் சொல்லவில்லை. அறுபத்தாறு வயதில் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டேன். இந்த நாலு வரிக்கே காலை டீ ஆறிப்போயிற்று. பரவாயில்லை, ஆனந்தமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் பியூனாக இருக்கும் பள்ளியில் உங்கள் மகளும் அவளோடு கணக்கு எடுக்கும் நெட்டை சாரும் புதன்தோறும் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்குக்குப் பாடம் தயாரிக்கிறார்கள். பிள்ளைகள் என்ன தப்பு விடை சொல்வார்கள் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் பாதி வேலை. நேற்று டீ கொண்டுபோனேன். "மாமா, அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா எவ்வளவு?" என்றாள். ஐந்தில் இரண்டு என்றேன். எப்படி என்றாள். "ரெண்டு ஆட்டத்துல ஒண்ணு ஜெயிச்சேன், அப்புறம் மூணு ஆட்டத்துல ஒண்ணு. மொத்தம் அஞ்சுல ரெண்டுதானே?"

நெட்டை சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதை வச்சே ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைங்களைப் பேசவிடலாம் டீச்சர்!"

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை அந்தப் பாடம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் நீங்கள். வந்து பாருங்கள், மகள் மகிழ்வாள்.

உங்கள் மச்சான்

ஜூன் 8

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தில் பதினொரு பிழைகள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

விடை ஆறில் ஐந்து. இதில் பேச என்ன இருக்கிறது? என் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். டீ கொண்டுவந்த ஆளைத் தப்பு சொல்லவைத்துச் சிரிக்கிறார்கள், நீங்களும் பல்லை இளிக்கிறீர்கள். அந்தக் கூத்துக்கு என் மகளும் உடந்தை. உங்கள் தலைமையாசிரியை என் பழைய மாணவி. அவருக்கு எழுதப் போகிறேன்.

இப்படிக்கு,
மைத்துனர்

ஜூன் 11

மச்சான்,

சிவப்பு மையை உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கண்ணன் கல்யாணப் பத்திரிகையையே திருத்தி அனுப்பின ஆளு, உங்களை விட்டுருவாரா?" என்றாள்.

என்னைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கவில்லை. சின்ன வயதில் இதே ஐந்தில் இரண்டைச் சொன்னதற்கு உங்கள் மகளின் விரல்களை ஸ்கேலால் அடித்தீர்களாமே? "அன்னைக்கு அப்பா ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே மாமா" என்றாள். ஆறாத புண் அது.

அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உங்கள் கடிதம் வந்தால் தலைமையாசிரியை அவளை அனுப்பிவிடுவார். கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் எழுதாதீர்கள்.

மச்சான்

ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

கடிதம் நேற்றே போய்விட்டது. மகள் என்று பார்த்து மார்க் போடும் பழக்கம் எனக்கு இல்லை. நேற்று எழுத்துக் கூட்டியவர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

மைத்துனர்

ஜூன் 24

மச்சானுக்கு,

பதினேழாம் தேதி தபாலில் உங்கள் கவர் வந்தது. முன்பெல்லாம் எனக்கு எல்லாக் கவரும் ஒன்றுதான். இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறைத்திருக்கலாம், தபால் பை என் கையில்தான் இருந்தது. ஆனால் ஒருவர் கடிதத்தை அமுக்கினால் நான் படித்த எழுத்துக்கு என்ன மரியாதை? கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வகுப்பின் பின்னால் நின்றார். உங்கள் மகள் சாக்பீஸை எடுத்தாள். என் விடையைப் பலகையில் எழுதி, "சொன்னவர் ஏன் அப்படி நினைச்சிருப்பார்?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் அவளுக்குப் பேச வேலையே இல்லை. ஆட்டத்துக்கு அது சரிதான் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "பாதி ரொட்டி கையில இருக்கு. இன்னும் கொஞ்சம் குடுக்குறாங்க. அஞ்சுல ரெண்டுன்னா பாதியை விடக் குறைஞ்சுபோச்சே, எப்படி?" வகுப்பே அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கும் அப்போதுதான் விளங்கியது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

தலைமையாசிரியை சொன்னது ஒன்றுதான். "சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேக்குது. எங்க பழைய சார் எழுதினது சரியாத்தான் இருக்கு." இந்த மாதத்தோடு உங்கள் மகளுக்கு வேலை இல்லை. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

அவள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். அப்பாவுக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். உங்கள் தங்கையும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து இதை எழுதினேன். பிழை இருந்தால் இருக்கட்டும், திருப்பி அனுப்ப வேண்டாம். இத்தனை வருஷம் எழுதத் தெரியாததால் உங்களுக்கு எழுதவில்லை. இனிமேல் எழுதத் தெரிந்தும் எழுதமாட்டேன்.

உங்கள் தங்கை புருஷன்