உள்ளே விழும் கால்

மாசி 5, செவ்வாய்

காலையில் பனி. ஓடுபாதை ஈரம், ஸ்பைக்ஸ் ஷூ போட்டும் வழுக்கல். ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள் வழியில் வரிசையாக நின்றதால் கச்சிராயபாளையம் பஸ் தாமதம். பி.டி. டீச்சர் நான் பள்ளிக்குள் நுழையும்போதே முதல் பீரியட் மணி அடித்துவிட்டது. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

பயிற்சி: உருப்படியாக ஒன்றுமில்லை. கம்பை ஊன்றுவதிலேயே காலை போயிற்று.

மல்லிகாவும் வந்திருந்தாள். அந்தப் பெயரை ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதப் பிடிக்கவில்லை. இனி ம. கல்வராயன் மலைக்காரி. இங்கே கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.எட். படிக்கிறாள். போன வருடம் வரை நீளம் தாண்டிக்கொண்டிருந்தவள். கம்பைத் தொட்டு ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. நான் கல்லூரிக் காலத்திலிருந்து தாண்டுகிறேன். இந்த மாவட்டத்தில் கம்பூன்றிப் போல்வால்ட் தாண்டுகிற பெண் என்றால் இந்தச் சுமதிதான் என்று இருந்தது.

இருந்தது.

என் வீட்டுக்காரர் பிரபு, பைக் ஷோரூம் வேலைக்குப் போகும் முன் மைதானத்துக்கு வந்து எங்கள் இருவரையும் ஃபோனில் எடுத்தார். சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து என்னிடம் காட்டினார்.

"இவ கடைசி ரெண்டு அடியப் பாரேன் சுமதி. கம்பு தானா ஏறிக்கினு போவுது."

ம.வுடைய வீடியோவைத்தான் காட்டினார். முகத்துக்கு நேராக நீட்டி, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு. மறைத்து வைத்துப் பார்த்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம். கட்டின பெண்டாட்டியிடமே காட்டுகிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது?

மாசி 6, புதன்

துணி துவைக்கவில்லை. காஸ் பதிவு செய்ய வேண்டும்.

அவளிடம் உள்ளவை, என்னிடம் இல்லாதவை:
- வேகம்.
- கடைசி அடியில் பயமின்மை.
- நீளமான கை.
- யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காத கண்.
- என் கணவரின் ஃபோனில் பாதி இடம்.

எனக்கே எனக்குக் குறிப்பு, எத்தனையாவது தடவையோ: ஓடி வரும்போது கம்பின் நுனி மெல்ல இறங்க வேண்டும். குழியில் ஊன்றும் நேரத்தில் இரண்டு கையும் தலைக்கு மேலே. எழும்பும் கால், மேல் கைக்கு நேர் கீழே. அதைத் தாண்டிக் குழிப் பக்கமாகப் போய் விழுந்தால் 'கால் உள்ளே விழுந்தது' என்போம். அப்படி விழுந்தால் கம்பு தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். உடம்பு மேலே போகாது.

எல்லாம் தெரியும். பள்ளியில் கரும்பலகையில் படம் போட்டுக்கூடக் காட்டுவேன். ஓடும்போது குழியைப் பார்த்ததும் கடைசி அடி தானாக நீண்டுவிடுகிறது. கழுதை.

மாசி 8, வெள்ளி

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. தலைவலி.

இன்று செய்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

ஒருவர் தாண்டும்போது மற்றவர் ஓடுபாதை ஓரம் குந்தி, கால் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது வழக்கம். ஓடுகிறவருக்கு அது தெரியாது. ம. இன்று கம்பை இன்னும் உயரத்தில் பிடித்து ஓடினாள். கால் நன்றாக உள்ளே விழுந்தது. கண்ணெதிரே.

மெத்தையிலிருந்து இறங்கி வந்து, "அக்கா, கால் எங்க வுழுவுது?" என்றாள்.

"சரியாத்தான் இருக்குது" என்றேன்.

வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. ம. ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓட ஆரம்பிக்கும் இடத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து ஒரு பாதம் பின்னால் தள்ளி ஒட்டினாள். தோளில் இழுக்கிறது என்று மட்டும் சொன்னாள். மறுபடி ஓடினாள். பறந்தாள்.

பொய் சொன்னதைவிட, சொல்லியும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான் அதிகம் எரிந்தது. என்ன பிறவி நான்.

மாசி 10, ஞாயிறு

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு முன்னால் வந்துவிட்டது, வரும் சனி. போல்வால்ட் பெண்களில் இந்த முறை ஒருவருக்குத்தான் இடம்.

ம. ஊருக்குப் போயிருந்தாள். அங்கே சிக்னல் கிடையாது. எப்படியும் செவ்வாய்க்கிழமை வருவாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றேன். பிரபு கேட்கவில்லை. "பாவம், தெரியாம அங்கயே தங்கிட்டா?" என்று பைக்கை எடுத்தார். நானும் ஏறி உட்கார்ந்தேன். தனியாக அனுப்ப மனசில்லை.

கோமுகி அணையில் தண்ணீர் பாதிக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டல். மேலே ஏற ஏறக் குளிர்ச்சி.

அவள் வீட்டில் இல்லை. அவள் அம்மா மரவள்ளிக் காட்டுப் பக்கம் கை காட்டினார். போய்ப் பார்த்தால், மலைச் சரிவில் மண் பாதை. ம. நீள மூங்கிலைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடுகிறாள். பாதை முடிகிற இடத்தில் மூங்கில் நுனியை மண்ணில் இறக்கி, கையை மேலே நீட்டி, ஒரு குதி. திரும்ப மேலே நடக்கிறாள். மறுபடி. மரவள்ளிக்கும் அவளுக்கும் தவிர அங்கே யாருமில்லை.

சரிவில் கால் தானாக வேகமெடுக்கும், கடைசி அடியை நீட்டவே முடியாது, நீட்டினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். பிரபு அதைச் சொல்வதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. மலைகூட அவள் பக்கம்.

சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பும் வழியில் பிரபு ஏதோ கேட்டார். தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். ஓடுகிற பைக்கில்.

மாசி 13, புதன்

முகூர்த்த நாள். ஷோரூமில் வண்டி டெலிவரி அதிகம், பிரபு வரவில்லை. மைதானத்தில் நானும் ம.வும் மட்டும்.

எனக்கு அவள் பார்த்தாள். மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து, மெதுவாக:

"அக்கா, உங்களுது உள்ள வுழுவுது. ஒரு பாதம் பின்னால தள்ளிக்குங்க."

நான் அவளுக்குச் செய்ததை எனக்குத் திருப்பிச் செய்கிறாள். அதைத் தவிர வேறென்ன? தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது டேப்பை நகர்த்தினால் ஓட்டத்தின் தாளமே போய்விடும், அதுதான் அவளுக்கு வேண்டும். சரி என்று தலையாட்டினேன். நகர்த்தவில்லை.

தோள் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பிரபுவிடம் கேட்டிருக்கலாம். அவள் சொன்னது சரி என்று அவர் சொல்லிவிட்டால்? கேட்கவில்லை.

மாசி 16, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

எதிர்க்காற்று லேசாக. தாண்ட வந்தவர்கள் நாலு பேர், இரண்டு பேர் சீக்கிரமே வெளியே. மேலே குறுக்கே வைக்கும் குச்சி 2.90 மீட்டருக்கு ஏறியபோது மீதி நானும் அவளும். அவள் முதல் தடவையிலேயே தாண்டினாள்.

நான் ஓடினேன். ஊன்றினேன். தோள் பின்னால் இழுத்தது, குச்சிக்குக் கீழேயே புகுந்து மெத்தையில் விழுந்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே. இன்னும் ஒரு வாய்ப்பு.

கூட்டத்தில் பிரபுவைத் தேடினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் குச்சியைத்தான் பார்த்தார்கள். என் காலைப் பார்த்த ஒரே ஆள் ம. ஓடுபாதை ஓரம் குந்தியிருந்தாள். உள்ளங்கையைத் திருப்பி, பின்னால் தள்ளு என்பதுபோல் அசைத்தாள்.

டேப்பைப் பிய்த்தேன். ஒரு பாதம் பின்னால்.

ஓடினது நினைவில் இல்லை. கை முழுதாக மேலே நீண்டிருந்தது நினைவிருக்கிறது. தோளில் இழுப்பு இல்லை. தரை என்னை விட்டது. எத்தனையோ வருடம் கழித்து ஒரு கம்பு என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மெத்தையில் மல்லாந்து கிடந்து, குச்சி அசையாமல் இருப்பதைப் பார்த்தேன்.

மூன்று மீட்டரும் முதல் தடவையில். அவளும். அடுத்த உயரம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

ஒரே உயரம் என்றால் தவறுகள் யாருக்குக் கம்மி என்று பார்ப்பார்கள். அவளுக்கு அதுவரை ஒன்றுமில்லை. எனக்கு 2.90ல் இரண்டு.

அவள் போகிறாள்.

அந்த இரண்டு தவறையும் அவள் புதன்கிழமையே எடுத்துப்போடச் சொன்னாள். நான்தான் விடாமல் பிடித்து வைத்திருந்தேன். பிரபு, ஒரே உயரம்தானே, நீ தோற்கவில்லை என்றார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினேன்.

மாசி 18, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கோ-கோ.

மாலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ம. எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். நீட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை. கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு எனக்கு நெசத்த சொன்ன?"

கடலைத் தோலை ஊதினாள். "நீங்க இல்லன்னா நான் யாரோட தாண்டறது?"

பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்தது, இரண்டு பேரும் ஒதுங்கினோம். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"ஸ்டேட்டுக்கு எங்கூட வாங்கக்கா. கால் பாக்க ஆள் வேணும். பிரபு அண்ணன் வாணாம், அவரு எல்லாத்தயும் நல்லாக்குதுன்னுவாரு. எங்கிட்ட இன்னா தப்புன்னு நீங்கதான் கண்ணு எடுக்காம பாக்கறீங்க."

கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வீடியோ எல்லாவற்றையும் பிரபுவின் ஃபோனில் நானே போட்டுப் பார்த்தேன். அவளுடையதை. அவர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ம.வின் இடது கை, ஊன்றும்போது கொஞ்சம் மடங்குகிறது. யாரும் கவனிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் திருத்திக்கொள்வாள், இன்னும் உயரமாகத் தாண்டுவாள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

மாசி 19, செவ்வாய்

வெயில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஸ்டேட் நடக்கும் இரண்டு நாளுக்கும் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம்: உறவினர் வீட்டு விசேஷம். யார் வீட்டில் என்று தலைமையாசிரியை கேட்டார். தங்கை வீட்டில் என்று வாயில் வந்துவிட்டது.

எனக்குத் தங்கை கிடையாது.