ஜன்னலுக்கு வெளியே நின்றவனுக்கு

மச்சான்,

இன்று காலை ரம்யா டீச்சர் கம்ப்யூட்டர் அறையிலிருந்து சலித்துக்கொண்டே வந்தார். "சேர், யாரோ பாஸ்வேர்ட மாத்திட்டாங்க. பத்துத் தடவ அடிச்சிட்டேன்." போய்ப் பார்த்தேன். கடவுச்சொல் பெட்டியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். அவற்றைக் கண்டதும் உன் நினைவு வந்தது.

நம் பாடசாலையின் பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவன் நீ. ஹாலிஎலயில் அறை எடுத்துத் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார். நான் நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வரும் தமிழ் வாத்தியார். லினக்ஸுக்குப் புதியவன், ஆனால் கை சும்மா இருக்காது. மெஷின் மெதுவாக ஓடுகிறதே என்று, நீ இல்லாத நேரத்தில் திரை முகப்பையே மாற்றிவிடும் இலேசான வேறொரு டெஸ்க்டாப்பை இறக்கினேன். கீழே இருந்த மெனுப் பட்டை காணாமல் போயிற்று. வினாத்தாள் அடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று விசைப்பலகைப் பட்டியலில் தமிழை முதலில் வைத்தேன். மறுநாள் மெஷின் கடவுச்சொல் பிழை என்று என்னை உள்ளே விடவில்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள்ளே இருந்தன.

முந்தின நாள் அறையைப் பூட்டியவன் நீ. எனக்கு அது போதுமாக இருந்தது. "வேணும்னே பாஸ்வேர்ட மாத்திட்ட. எங்க தோட்டத்துப் புள்ளைங்க பரீட்சைன்னா உங்க ஊர்க்காரங்களுக்கு இளக்காரந்தான்" என்றேன், எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால்.

நீ என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். "பேர் கேக்கிற பெட்டியில பாஸ்வேர்ட்ட அடிச்சுப் பாப்பம் மச்சான். அது எழுத்த ஒளிக்காது." அடித்தேன். ஆங்கிலம் வரவேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள் வந்து நின்றன. கடவுச்சொல் மாறவே இல்லை. விசைப்பலகையை மாற்றிவைத்தது நான்தான். என் முகம் போன போக்கைப் பார்த்து நீ சிரித்துவிட்டாய். அந்த நேரம் பாடசாலை அதிபர் வந்து யார் செய்த வேலை என்று கேட்டார். நீ முந்திக்கொண்டாய்.

"நான்தான் சேர், தெரியாமல் மாத்திப்போட்டன்."

அவர் அறைச் சாவியை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, இனி உள்ளே போகக்கூடாது என்றார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நான் இடமாற்றம் கிடைச்சாப் போயிடுவன். நீ இஞ்சதானே இருக்கவேணும்" என்றாய்.

காணாமல் போன மெனுப் பட்டையைத் திரும்பக் கொண்டுவர ஒரு வாரம் பட்ட பாடு கொஞ்சமா? நீ அறைக்குள் கால் வைக்கவில்லை. சாரலில் நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொன்னாய். நான் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்தபடி அடித்தேன். அதிபரிடம் போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நீ யாழ்ப்பாணம் போனாய். போன வருடம் மாரடைப்பில் நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது.

விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி ரம்யாவின் மெஷினைத் திறந்து கொடுத்துவிட்டு நேரே அதிபரிடம் போனேன். "அன்னைக்கு அந்தப் பழைய மெஷின்ல மாத்தினது நான்தான் சேர். அவன் இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரியும். அவரு அப்பிடிச் செய்ற ஆள் இல்ல. நீங்க வந்து சொன்னா சாவியத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன். அவரு மாறிப் போற நாள் வரைக்கும் பாத்தேன்."

மச்சான், நீ சொல்லித்தந்த கட்டளைகளில் பாதி மறந்துவிட்டது. நீ நனைந்துகொண்டு நின்றது மறக்கவில்லை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.