சப்பாத்தைக் கழற்றிய மண்டபம்

டூங்கபி, சிட்னி,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் ப்ரீத்திக்கு,

அந்தோனியார் காவலில் நானும் அப்பாவும் நல்ல சுகம். உன் சுகத்தை வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படமாக மட்டும் பார்த்து இன்றைக்குப் பதினெட்டு நாள். அதுதான் கடிதம் எழுதுகிறேன், இதற்குக் கட்டைவிரல் போட முடியாது பார். இங்கே வெயில் கொளுத்துகிறது, பின்வளவு முருங்கை பூத்துவிட்டது, பக்கத்து வீட்டு யோகா அன்ரி நாங்கள் உன்னைப் பார்க்க இத்தாலிக்கு வந்தபோது பதுவாவில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளையின்ர முகம் ஏன் இறுகிக் கிடக்கு என்று கேட்டார். குளிர் என்று சமாளித்தேன்.

குளிர் இல்லை, எனக்குத் தெரியும். நீ படிக்கிற அந்தப் பழம்பெரும் பல்கலைக்கழகத்தைக் காட்ட நீ எவ்வளவு ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனாய். சுவரெல்லாம் சின்னங்கள் பதித்த அந்தப் பெரிய மண்டபத்து வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு காலில் வெறும் மேசோடு உள்ளே போய்விட்டேன். காவலாளி ஓடி வந்தார், உன்னோடு படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்கள், அம்மா ப்ளீஸ், போடுங்கோ, எல்லாரும் பாக்கினம் என்று நீ பல்லைக் கடித்தாய். காலையில் அந்தோனியார் கோயிலுக்குள்ளேயே சப்பாத்தோடு வந்த மனுசிக்கு இங்கே என்ன வந்தது என்று வழியெல்லாம் கேட்டாய். நான் வாயே திறக்கவில்லை. அதைக் கோபம் என்று நினைத்துவிட்டாய் போல. கோபமில்லையடி குஞ்சு, வாய் திறந்திருந்தால் அழுதிருப்பேன். தொண்ணூற்றைந்தில் எனக்கு யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைத்தது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசலை நான் ஒருநாளும் மிதிக்கவில்லை, தொடங்குவதற்குள் சண்டையில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய்விட்டோம். பிறகு கலியாணம், நீ, சிட்னி. உன் முதல் பட்டமளிப்பையும் கொரோனாவால் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். இந்த வயதில் நான் காலெடுத்து வைத்த முதல் பல்கலைக்கழகம் அதுதான். யோசித்துச் செய்யவில்லை, தன்பாட்டில் குனிந்து கழற்றிவிட்டேன்.

வைகாசியில் அந்த மண்டபத்தில் உனக்குப் பட்டம் தரும்போது நாங்கள் வரவேண்டாம், அம்மாவுக்கு அலைச்சல் என்று அப்பாவிடம் சொன்னாயாம். எனக்கு ஒரு அலைச்சலும் இல்லை, வர ஆசையாகக் கிடக்கிறது. கூப்பிட்டால் சப்பாத்தோடு வருவேன், சத்தியம். கூப்பிடாவிட்டாலும் என் ஆசீர்வாதம் உன்னோடுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாணை மட்டும் கடித்துக்கொண்டு படிக்காதே. அந்தோனியார் உன்னைக் காப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்கு என்னைப் போல வாசலில் நின்று குனியாதே. உயர்ந்த குதிச் சப்பாத்தாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நடந்து போ. அது உன்னுடைய இடம்.

என்றும் உன்,
அம்மா வசந்தினி