அவருக்காக நான் மறுத்த நாட்கள்

மார்ச் 3

இன்றும் ‘நான் இதை ஏற்கவில்லை’ என்று ஏழெட்டுத் தடவை சொல்லியாயிற்று. சொன்னது என் வாய், மறுத்தவர் வேறு ஆள். மொழிபெயர்ப்புக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அதுதான் விதி. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.

உலக நாடுகள் கூடி உட்கார்ந்து பிளாஸ்டிக் உற்பத்திக்கே ஒரு வரம்பு கட்டப் பார்க்கின்றன. பொறுக்கி மாளாது, செய்வதையே குறைப்போம் என்பது பெரும்பாலோர் கட்சி. பிளாஸ்டிக் செய்ய மூலப்பொருளான குருணையை விற்றுப் பிழைக்கும் சில நாடுகள் முடியாது என்கின்றன. அவற்றில் முன்வரிசையில் நிற்கும் நாட்டுப் பிரதிநிதியின் மொழி என் தலையில் விழுந்திருக்கிறது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சரக்கு ரயில்’. பேச ஆரம்பித்தால் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

மார்ச் 5

மகள் நேரலையில் கேட்டிருக்கிறாள். கடல் உயிரியல் படிக்கிறாள், செத்து ஒதுங்கிய ஆமைகளின் வயிற்றைக் கீறிப் பார்ப்பது அவள் வேலை. எடுத்த எடுப்பிலேயே சண்டை.

“அம்மா, நீ பேசுறதக் கேட்டா எனக்கே பிளாஸ்டிக் நல்லதோன்னு தோணுது. கொஞ்சம் மோசமாப் பேசித் தொலையேன்!”

“அது பித்தலாட்டம்டி.”

“அப்ப அந்த ஆமைங்ககிட்டயும் அதையே சொல்லு.” போனை வைத்துவிட்டாள்.

பிறகு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். “வீட்ல ஒரு நாளாவது இவ்ளோ மரியாதையா மறுத்திருக்கியா?” இவருக்கு எல்லாமே விளையாட்டு.

நான் என்னதான் பண்ணட்டும்? அவளைவிட எனக்கு வலிக்காதா? அந்த வரம்பு வந்தே ஆகணும்னு நானுந்தான் கிடந்து தவிக்கிறேன். ஆனா வாயத் திறந்தா அந்த மனுஷன்தான் வர்றாரு. அதுவும் நல்லா வர்றாரு — அதுதான் எரிச்சல்.

மார்ச் 8

மகள் போனை எடுக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது.

மார்ச் 11

என் கூட்டாளி, மைக்கை அணைத்ததும் முணுமுணுவென்று பாட ஆரம்பிக்கிற ‘பாட்டுக்காரர்’, இன்று பாடவில்லை. “கவனிச்சீங்களாக்கா? நம்மாளு கடியாரத்தப் பாத்துப் பாத்துப் பேசுறாரு.”

கவனித்தேன். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கடைசி நாளில் வாக்கெடுப்பு நடத்த விதி இருக்கிறது. ஆனால் எங்கள் வேலை நேரம் முடிந்து ஒரு கூண்டு மூடினாலும் கூட்டம் கலைந்துவிடும். வாக்கெடுப்பு வருவதற்குள் நேரத்தைப் பேசியே தின்றுவிடுவது அவர் திட்டம். போன கூட்டமும் இப்படித்தான் ஊற்றிக்கொண்டது.

மார்ச் 13

பாட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாற்று ஆள் கிடையாதாம். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவது எங்கள் வழக்கம், அதற்கு மேல் போனால் மூளை கழன்று வாய் உளறும். நாளைதான் கடைசி நாள். நான் ஒண்டி ஆள்.

மார்ச் 14

ஒழுங்காக எழுதுகிறேனா தெரியவில்லை.

மதியம் ஒரு மணிக்கு எங்கள் நேரம் முடிந்தது. மாலை அதே அரங்கில் மரச்சாமான் கண்காட்சியாம், தச்சர்கள் பலகைகளோடு வாசலில் காத்திருந்தார்கள். சரக்கு ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் தலைவரம்மா அவரை நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். “கூண்டில் இருப்பவர்கள் தொடர முடியுமா? முடியும் என்றால் விளக்கைப் போடுங்கள்.”

ஒவ்வொரு கூண்டாகப் பச்சை எரிந்தது. என்னுடையதுதான் பாக்கி. முடியாது என்று நான் சொன்னால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். துணைக்கு ஆளில்லை, தொண்டையும் போய்விட்டது. சரக்கு ரயிலும் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். பக்கத்து நாற்காலி காலி என்று அவருக்குத் தெரியும்.

வந்ததே எனக்குக் கோபம்! போட்டேன் விளக்கை.

ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேனா? இல்லையே. மனுஷன் பேச ஆசைப்பட்டார், பேச வழி செய்து கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். நானும் விடவில்லை. ஒலிக்கருவி பார்க்கிறவர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் அவர் ஒரே பத்தியை மூன்றாம் தடவை படித்தபோது, நானும் அதை மூன்றாம் தடவை, அதே பணிவோடு சொன்னேன். அரங்கில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு. சரக்கு ரயிலுக்கு இருமல் வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார்!

வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாட்டுப் பெயர்ப் பலகைகள் ஏறின பாருங்கள் — சின்னத் தீவுகள் முதலில், அப்புறம் பெரிய நாடுகள், இவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் உட்பட! தலைவரம்மா சுத்தியலைத் தட்டினார். “உற்பத்தி வரம்பு நிறைவேறியது.” என் கூண்டிலிருந்து அது கிழிந்த குரலில் போனது. போகட்டும். அரங்கமே எழுந்து நின்றது. விஷயம் தெரியாத தச்சர்கள்கூடக் கை தட்டினார்கள். நான் அழுதேன். அழாமல் என்ன செய்வேன்? ஜெயித்துவிட்டோம்!

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் சரக்கு ரயில் எதிரே வந்தார். “ஒரு வார்த்தைகூட விடலியேம்மா நீங்க. அதுதான் எனக்கு வினையாப் போச்சு” என்றார் அவர் மொழியில். நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது.

மார்ச் 15

குரல் சுத்தமாக இல்லை. மகளே கூப்பிட்டாள். நான் பேச முடியாமல் மூச்சுதான் விட்டேன். “போதும்மா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். முழுசாக் கேட்டேன். அந்த மூணாவது தடவை... ஐயோ அம்மா, நீ ராட்சசி!” இருவரும் விசும்பிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தாராம்.

நவம்பர் 20

ஒப்பந்த நாடுகளின் முதல் கூட்டம். பாட்டுக்காரர் பக்கத்தில். ஒப்பந்தத்தில் சேராத நாட்டிடம் சேர்ந்த நாடுகள் குருணை வாங்கக் கூடாது என்று விதி வந்ததிலிருந்து வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். காலையில் சரக்கு ரயில் கை தூக்கினார். தண்ணீர் பாட்டிலை நிரப்பிவைத்துக்கொண்டு நெடும் பயணத்துக்குத் தயாரானேன்.

ஒரே வாக்கியம். “நான் என் நாட்டின் சார்பில் வரம்பை ஏற்கிறேன்.” உட்கார்ந்துவிட்டார்.

அதே மரியாதையோடு நானும் சொல்லி முடித்தேன். பிறகு நாற்காலியில் சாய்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். பாட்டுக்காரர் பதறிப்போய் மைக்கைக் காட்டினார். அணைக்கவே இல்லை. அரங்கம் முழுக்கத் திரும்பிக் கூண்டைப் பார்த்தது. முன்வரிசையிலிருந்து அவரும்தான். முதலில் சிரித்தது அவர்தான்.