மண் பக்கம் மேலே

அன்பு மகள் வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வேலை நன்றாக நடக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மேலே உள்ளது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அவள் என் பக்கத்தில்தான் நீல நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். இனிமேல் வருவது என் சொந்தச் சரக்கு. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பல் டாக்டர் அம்மாவை உனக்கு நினைவிருக்கும். போனில் ஒரு படத்தைக் காட்டி, மொராக்கோ வீடுகளில் இருப்பது மாதிரி முன்கூடத்துச் சுவர் வேண்டும் என்று நீ வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே வந்து நின்றவர். இப்போது எல்லாருக்கும் அந்தப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. சாவித்துளை மாதிரி வளைவு வேண்டும், ஓட்டை ஓட்டையாகப் போட்ட பித்தளை விளக்கு வேண்டும், தரையோடு தரையாக மெத்தை வேண்டும். அப்புறம் அந்த மெத்தையிலிருந்து எழுந்திருக்க ஆள் வேண்டும். நான் குறை சொல்லவில்லை, நம் பட்டறைக்கு நல்லதுதான்.

அவருக்கு ஆள் உயரத்தில் ஒரு சில்லுப் பலகை. எல்லாச் சில்லும் ஒரே சாய்சதுரம், ஒரே அளவு. வெள்ளைச் சில்லு சேர்ந்து நட்சத்திரம், இடையில் கறுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை நீலம். வழக்கம்போல நான் மெருகு ஓடுகளைச் சில்லு சில்லாகக் கொத்திக் கொடுத்தேன், அம்மா தரையில் உட்கார்ந்து அடுக்கினாள். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடுகிறது. நிறம் உள்ள மெருகுப் பக்கம் கீழே, மண் பக்கம் மேலே. அடுக்கி முடிக்கும் வரை பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாமே ஒரே செம்மண் நிறம்தான். எந்தத் தட்டிலிருந்து எடுத்தோம் என்பதை வைத்துத்தான் நிறம். பின்னால் கலவை ஊற்றி, காயவிட்டு, நிமிர்த்துகிற நாளில்தான் என்ன செய்திருக்கிறோம் என்று நமக்கே தெரியும்.

நிமிர்த்துவதைப் பார்க்கப் பல் டாக்டர் அம்மா குடும்பத்தோடு வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் போனில் படம் பிடிக்கிறார். நானும் பக்கத்துக் கடை விளக்குக்காரரும் ஆளுக்கொரு மூலை, தச்சரும் அவர் தம்பியும் மற்ற இரண்டு மூலை. தூக்கிச் சுவரில் சாய்த்தோம். விளக்குக்காரர் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளை நட்சத்திரம் வரவேண்டிய இடமெல்லாம் கரிக்கட்டையாகக் கறுப்பு. கறுப்பு வரவேண்டிய இடமெல்லாம் வெள்ளை. ஒரு சில்லு, இரண்டு சில்லு தவறினால் கொத்தி மாற்றலாம். இது மேலிருந்து கீழ் வரை மாறிக் கிடக்கிறது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதற்குள் எல்லாரும் கைதட்டுகிறார்கள். படத்தில் இருப்பதைவிட இது அழகாக இருக்கிறது, இருட்டில் நட்சத்திரம் பூத்த மாதிரி ஆனால் நட்சத்திரமே இருட்டு என்று பல் டாக்டர் அம்மா என்னென்னவோ சொல்கிறார். விளக்குக்காரர் என் முதுகில் தட்டுகிறார். நான் பேயறைந்தவன் மாதிரி நிற்கிறேன்.

அப்போது அம்மா முன்னால் வந்தாள். கைதட்டல் கேட்டு முகமெல்லாம் மலர்ந்து கிடந்தது. பலகையை நேருக்கு நேர் பார்த்தாள். “நட்சத்திரம் எல்லாம் பளிச்சுனு இருக்குல்ல? நான் சொன்னேன்ல, வெள்ளைதான் எடுப்பா இருக்கும்னு” என்றாள்.

அவள் வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்துப் பல் டாக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வாண்டு, அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். நீலத்தையும் பச்சையையும் மங்கலில் மாற்றிப் பார்க்கலாம். கறுப்பையும் வெள்ளையையும் எப்படி மாற்றிப் பார்ப்பது?

அவர்கள் போனதும் தட்டுகள் இருக்கும் அலமாரிக்கு ஓடினேன். விஷயம் அங்கே இருந்தது, செய்தவனும் நான்தான். போன மாதம் அலமாரிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தட்டுகளைக் கழுவி, என் இஷ்டத்துக்குத் திருப்பி வைத்தேன். வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை. அதோடு விட்டேனா? ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் ஒரு முடிச்சு, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. நீ போகிற வாரம் கட்டியது. ஏதோ அழகுக்குக் கட்டியிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அழுக்கேறி அசிங்கமாகத் தொங்குகிறதே என்று அத்தனையையும் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

பலகை அடுக்க உட்கார்ந்த அன்றைக்கு அம்மா முடிச்சைத் தேடித் தட்டின் விளிம்பை இப்படியும் அப்படியும் தடவிவிட்டு, நூலை எடுத்தது யார் என்று கேட்டாள். நான்தான், அதற்கென்ன இப்போது என்றேன். ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டாள். வேறு ஏதாவது கேட்டால் நான் ஏன் என்று கேட்பேன் என்று பயந்திருக்கிறாள். தட்டு இருக்கும் இடமாவது மாறியிருக்காது என்று நம்பி, ஆள் உயரப் பலகையை விரலாலேயே அடுக்கி முடித்திருக்கிறாள். ஒரு சில்லுகூடக் கோணவில்லை. இடுக்கில் நகம் நுழையவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குத் தெரிந்தது மூன்றாவது ஆளுக்குத் தெரியாதா? நான் என்ன வாடகைக்கு இருக்கிறவனா? எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுகிறவள், போனதிலிருந்து பக்கத்துக்கு எட்டு வரி என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறாயே, காகிதம் உங்கள் ஆபீஸில் சும்மா கிடைக்கிறதா என்று கேலி வேறு செய்தேன். அம்மா படிக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை அவள் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, நீங்களே படியுங்கள், உங்கள் குரலில் கேட்டால்தான் நன்றாக இருக்கிறது என்பாள். நான் பூரித்துப்போவேன். முட்டாள்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். டீ ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை வைத்திருப்பாள், சுத்தம் இல்லாத பொம்பளை என்று கிண்டல் செய்வேன். மாடிப்படியில் காலால் தடவி இறங்குவாள், மகாராணி நடை என்பேன். பொழுது சாய்ந்தால் வெளியே வரமாட்டாள், வயசாகிவிட்டது என்பேன். ஒரு மில்லிமீட்டர் சில்லு கோணினால் எட்டடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவன் நான்.

ஆனால் உனக்கும் பாதிதான் தெரியும் என்பது அவளைக் கிண்டிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. நிறம் கொஞ்சம் குழம்புகிறது, புதுக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். முழுவதும் சொன்னால் நீ அந்த வேலைக்குப் போகமாட்டாய் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் சொன்னால் நான் அவளைப் பட்டறைப் பக்கமே விடமாட்டேன் என்றும் தெரியும். இரண்டு பேரையும் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறாள்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். எத்தனை விரல் தெரிகிறது என்று கேட்டார். அம்மா கணீரென்று மூன்று என்றாள். டாக்டர் இன்னும் கையையே தூக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. யாரிடம் மறைக்க வேண்டும்?

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துவிட்டதாம். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன. போனது போனதுதான், திரும்ப வராது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். காலையும் மாலையும் நான்தான் விடுகிறேன். கன்னத்தில் வழியவிடுகிறேன் என்று திட்டு வாங்குகிறேன்.

இனிமேல்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்கான காரணம் வருகிறது. நிதானமாகப் படி.

முதலில் எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தது, அப்போது ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போனேன். உன் போன கடிதத்தில், மூன்றாம் பக்கத்தில், ஆபீஸ் விட்டு வரும்போது தெருவிளக்கைச் சுற்றி வண்ண வண்ணமாக வளையம் தெரிகிறது, நம் விளக்குக்காரர் வீட்டுச் சுவரில் விழும் வெளிச்சம் மாதிரி அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் கடிதம் படிக்கிற லட்சணம் உனக்குத் தெரியும், வர்ணனை வந்தால் கண்ணால் மேய்ந்துவிட்டு, வாய்விட்டுப் படிக்காமல் தாண்டிவிடுவேன். அம்மாவுக்கு அந்த வரியை நான் படிக்கவே இல்லை. அவளுக்குத் தெரியாது.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, பிள்ளைகள் கட்டாயம் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார். உன் வளையத்தைச் சொன்னதும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்றார். பயமுறுத்தவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னார். அந்த இரண்டாவது தடவையைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருந்து பேசினால் ஸ்பீக்கரில் போடாமல் அம்மா விடமாட்டாள். மூலையில் நின்று கிசுகிசுத்தாலும் அவள் காதுக்குத் தப்பாது. தெருமுனை வரை இரண்டு தடவை போனேன். உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என்னப்பா வேலை நாளில் கூப்பிடுகிறீர்கள் என்று நீகூடக் கேட்டாய். தன்னால்தான் மகளுக்கும் வந்தது என்று தெரிந்தால் அம்மா இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அழுதே தொலைப்பாள். அதனால் காகிதம்தான் வழி என்று முடிவு செய்தேன்.

உனக்குப் புரிந்ததா? அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் முகத்துக்கு முன்னாலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. எட்டிப் பார்ப்பாள் என்ற பயம்கூட இல்லாமல் எழுதுகிறேன் பார், அதுதான் என்னைக் கொல்லுகிறது.

இப்போதுதான் என்ன அவ்வளவு நேரமாகக் கிறுக்குகிறீர்கள், படித்துக் காட்டுங்கள் என்றாள். பல் டாக்டர் அம்மா கைதட்டினார், வெயில் குறைந்திருக்கிறது, நீ உடம்பைப் பார்த்துக்கொள் என்று வாய்க்கு வந்ததைப் படித்தேன். இதற்கா இவ்வளவு நேரம் என்றாள். உன் மகள் மாதிரி கொட்டை எழுத்தில் எழுதுகிறேன் என்றேன். சிரித்தாள். பேனாவைக் கொடுங்கள், நானும் கடைசியில் இரண்டு வரி எழுதுகிறேன் என்கிறாள். கொடுக்கத்தான் போகிறேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. லீவு கேட்காதே, சொல்லிவிட்டுப் போ. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கோடு போடுகிற வேலை உனக்கு. வேலை போனால் போகட்டும், வேறு வரும். டாக்டர் என்ன சொன்னார் என்பதை எனக்குப் போனில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டாம். ஒன்றும் இல்லை என்றால், கூப்பிட்டு, வெள்ளைப் பலகை படம் அனுப்புங்கள் என்று கேள். ஏதாவது இருக்கிறது என்றால் கறுப்பு என்று சொல். அடுத்த வண்டியில் நான் அங்கே இருப்பேன். எதுவானாலும் நீ தனியாக இல்லை. நூறு வருஷம் குறைவில்லாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

பி.கு. அம்மாவின் விரலைப் பிடித்துக் கீழே காலியாக இருந்த இடத்தில்தான் வைத்தேன். பேனா மேலே ஏறிவிட்டது. கண் டாக்டரைப் பற்றி நான் எழுதிய வரிகளின் மேலேயே எழுதிவிட்டாள். உனக்குப் படிக்க வராமல் போகும் என்பதால் அவள் எழுதியதை இங்கே தெளிவாக எழுதுகிறேன்:

“அப்பா எழுதியிருக்கிறது எல்லாம் நெசம். அவர் சொல்றபடி கேளு. அம்மா.”