சீல் வைத்த கண்டெய்னர்

கண்ணே ஜோஸ்னா,

உன் புருஷன் பாஸ்போர்ட்டே இல்லாமல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிட்டான். நவாபுக்கும் வாய்க்காத பயணம்! ஸ்வெட்டர் பெட்டிகளை ஏற்றியவன் நோன்புக் களைப்பில் கண்டெய்னருக்குள்ளேயே கண்ணயர்ந்திருக்கிறான். தெரியாமல் கதவைச் சாத்தி சீல் வைத்துவிட்டார்கள். நடுக்கடலில், உள்ளே யாரோ தட்டுவதை மாலுமிகள் கேட்டிருக்கிறார்கள்.

சிட்டகாங் துறைமுகமே இடியும்படி கத்தினேன்.

"திறக்கச் சொல்லுங்கடா!"

"எப்படித் திறக்குறது சாச்சா? அது அடியில மாட்டியிருக்கு, மேல ஏழு கண்டெய்னர். வழியில கொழும்புல கிரேன் வச்சு எடுத்தாத்தான்," என்றான் துறைமுகக் குமாஸ்தா.

நேற்றிலிருந்து தட்டும் சத்தம் இல்லையாம். தூங்குகிறான், வேறென்ன? அவன் தூங்கினால் நூறு கப்பல் சங்கு ஊதினாலும் எழமாட்டானே!

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, புருஷன் போனவளுக்கு மூக்குத்தி ஆகாது என்று அதைக் கழற்றச் சொன்னால் விரட்டிவிடு. கப்பல் கொழும்பு போய்ச் சேரட்டும். அதுவரை கழற்றாதே, அம்மா.

உன் மாமா