சித்தம்மா முதியோர் இல்லம்

மைசூரு
14-6-2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சென்னப்பன் வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். ஹனூரில் மழை பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஈரத்தில் நடமாடாதே. நஞ்சன்கூடு ஆலையை மகன் தருண்குமாரிடம் ஒப்படைத்து மூன்று வருஷமாகிறது. நன்றாகவே நடத்துகிறான். நான் அந்தப் பக்கமே போவதில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உன் பெயரில் கட்டிய முதியோர் இல்லம் என்று என் நாள் ஓடிவிடுகிறது. போன மாதம்கூடக் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். வள்ளல் என்று பேசினார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் அந்தப் பெயரைச் சொன்னாலே வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நம்பிக்கையான யாரையாவது படித்துக் காட்டச் சொல். மல்லப்பன் நம் இல்லத்தில் இருக்கிறான்.

இதே ஊர் மண்டி மொஹல்லாவில் தகரப் பட்டறை வைத்திருந்த முதலாளி மல்லப்பனேதான். வயது எண்பத்தாறு. பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இல்லத்தில் சேர வந்த மனுவில் பெயரைப் பார்த்ததும் நானே கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக்கொண்டேன். இரக்கப்பட்டு இல்லை.

அவன் பட்டறையில் பிரஸ் மெஷின் உன் வலது கையின் நான்கு விரல்களை எடுத்த அன்று அவன் என்ன சொன்னான்? அவளே பராக்குப் பார்த்துக் கையை விட்டாள் என்றான். நான் காலில் விழுந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயசு. காலை உதறிவிட்டு கேட்டைக் காட்டினான். உனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். நீ இடது கையால் சோறு பிசையப் பழகிய வருஷத்தில்தான் இவனைவிடப் பெரிய ஆலை கட்டுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஓட்டை ஷெட்டில் பழைய மெஷின் ஒன்றைப் போட்டு ஆரம்பித்தேன். ஊர் அதை உழைப்பு என்கிறது. அது ஆத்திரம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவனுக்கு இரண்டு கையும் நடுங்குகின்றன. மற்றவர்களுக்கு ஆயாக்கள் ஊட்டிவிடுவார்கள். மல்லப்பனுக்கு மட்டும் யாரும் ஊட்டக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் மத்தியானம் போய் அவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன். ரசமும் சோறும் மடியெல்லாம் சிந்தும். பாதிகூட வாய்க்குப் போகாது. நான் யாரென்று தெரியாமல், கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும் என்று கன்னடத்தில் சொல்லிக் கும்பிடுவான். வயிறு குளிர்ந்தது அக்கா. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று சொல்லிவிட்டேன். நான் சென்னப்பன், உன் மெஷினில் விரலை இழந்த சித்தம்மாவின் தம்பி என்று. அழுவான், காலில் விழுவான் என்று காத்திருந்தேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "எந்தப் பொண்ணு? அந்த மெஷின்ல நாலஞ்சு பேருக்குப் போச்சே" என்று கேட்டான்.

எனக்குத் தாங்கவில்லை. ஐம்பது வருஷம் நான் சுமந்தது அவனுக்கு ஞாபகத்திலேயே இல்லை. நீ வர வேண்டும். வந்து அவன் முகத்துக்கு நேரே அந்தக் கையை நீட்ட வேண்டும். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புகிறேன். மறுத்துவிடாதே. இதற்காகத்தான் இத்தனையும் கட்டினேன்.

உன் ஆசியை வேண்டும் தம்பி,
சென்னப்பன்


ஹனூர்
24-6-2024

தம்பி சென்னப்பனுக்கு அக்கா சித்தம்மா சொல்லி எழுதியது.

கார் வந்தது. டிரைவருக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மல்லப்பனை நான் மன்னிக்கவில்லை. அவன் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். அது என் பாடு. ஆனால் என் பெயரை வைத்த வீட்டில் ஒரு கிழவன் சோறு சிந்துவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க உனக்கு யார் சொன்னது? நாளைக்கே ஊட்டச் சொல். முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடு.

நம் தெரு சித்தையனின் மகள் வினிதா உன் நஞ்சன்கூடு ஆலையில் முலாம் பூசும் பிரிவில் வேலை பார்த்தாள். தை மாசம் ஆசிட் தெறித்து வலது கண் போய்விட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போடாதது அவள் தப்புதான் என்று எழுதி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அங்கே பத்துப் பேருக்கு இரண்டு கண்ணாடிதானாம். சித்தையன் உன் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தான். ஐயா பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்குப் போயிருக்கிறார் என்று வாட்ச்மேன் வெளியிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டான். நானும் உனக்குப் போன் செய்தேன். தருணிடம் சொல்கிறேன் அக்கா என்றாய். சொன்னாயா?

மல்லப்பனிடம் காட்ட இந்தக் கையை நான் வைத்திருக்கவில்லை. இனி யாரிடமாவது நீட்டினால் அது உன்னிடம்தான்.

நீ வா. கார் வேண்டாம், பஸ்ஸில் வா. தருணையும் கூட்டிக்கொண்டு வா. சித்தையன் வீட்டு வாசலில் நில். கூப்பிட்டால் உள்ளே போ. திட்டினால் கேட்டுக்கொண்டு நில். அந்தக் கையெழுத்துக் காகிதத்தைக் கொண்டுவந்து அவர்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போடு. அதற்குப் பிறகு அவர்கள் கேட்பதைச் செய்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டியவள் வினிதா. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து தடுமாறும். வரியும் கோணலாகப் போகிறது என்கிறாள். போகட்டும் என்றேன்.

கடைசியில் எப்போதும் நன்றாக இரு என்று எழுதச் சொல்வேன். இன்று எழுதட்டுமா என்று இவளைக் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதனால் அதை எழுதவில்லை. நீ வா தம்பி.

அக்கா,
சித்தம்மா